சுண்ணாம்புக் கம்பத்தில் சுண்ணாம்புக்கு அழுதவன்

வாடா பேராண்டி, உக்காரு. தேக்காவுல பால் ஊத்தாத தே ஓ ஒண்ணு வாங்கிக் குடு, அது போதும் எனக்குக் கூலி. ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சுக்கிச்சு, தண்ணி ஆளை விட்டுட்டுச் சுவத்துக்குப் பீச்சுது, கண்ணாடிக் கதவு பூரா வெள்ளை வெள்ளையாத் திட்டுன்னு நேத்து ராத்திரி போன்ல அழுத. அதுக்குன்னு உன் பொண்டாட்டி வாங்கி அடுக்கியிருக்கிற பாட்டிலையும் பாத்துட்டேன். அஞ்சு. அஞ்சுலயும் பச்சை எலை படம். எலைக்குக் காசு வாங்குறவன் வாழையெலை யாவாரி மட்டுந்தான்னு இத்தனை நாளா நெனச்சுட்டேன்.

நீ எந்த மண்ணுல உக்காந்து சுண்ணாம்புக்கு அழுறேன்னு தெரியுமா? இந்தச் சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அந்தக் காலத்துப் பேரு சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில். தேனிப் பக்கத்துக் கம்பம் இல்லடா, மலாய்க்காரங்க கிராமத்தைக் கம்போங்னு சொல்லுவாங்களே, அந்தக் கம்பம். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாய்ல நம்மாளுங்க வெந்து தணிஞ்சதால வந்த பேரு.

அதோட விட்டாங்களா? சிட்டி ஹால் ரயிலடிக்குப் பக்கத்துல வெள்ளைவெளேர்னு நிக்குதே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1862-ல அர்ச்சிச்சது, அதைக் கட்டுனதே இந்தியாவுலேருந்து வெலங்கு மாட்டிக் கொண்டாந்த கைதிங்கதான். உள்சுவத்துப் பூச்சுக்குப் பேரு மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு, முரட்டுச் சக்கரை, தேங்கா மட்டை ஊறுன தண்ணி எல்லாம் சேத்து அரைச்சுப் பூசி, காஞ்ச பெறகு கல்லால தேச்சு மெருகேத்துனாங்களாம். கைதிகளை மேச்ச மெக்நேர் தொரை 1899-ல பொஸ்தகம் போட்டு எழுதி வச்சிருக்காரு. அவங்க சுண்ணாம்பு ஒட்டணும்னு முட்டையும் சக்கரையும் கொட்டுனாங்க. நீ ஒட்டக்கூடாதுன்னு சம்பளத்தைக் கொட்டுற.

சுவத்துச் சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுக் கல்லாகும். தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்பு, சூடு பட்டாலும் ஈரம் காஞ்சாலும் கல்லாகும். ரெண்டும் கடைசியில ஒரே கல்லுதான்.

ஆனா ஒண்ணு கேக்கேன். நான் இங்க வர ரஜூலா கப்பல் ஏறுறதுக்கு முந்தி சிவகங்கைப் பக்கத்துல குடிச்சேன் பாரு கெணத்துத் தண்ணி, அது தண்ணி! சோப்பு நொரைக்காது, பருப்பு வேகாது. அங்க ஒருத்தன் ஷவர் அடைக்குதுன்னு சொன்னா நாயம் இருக்கு. ஒரு லிட்டருல 200 மில்லிகிராம் கடினத்தோட நிறுத்திக்கங்க, வேற தண்ணிக்கு வழியே இல்லாட்டி 600 வரைக்கும் போங்கன்னு இந்தியத் தர நிர்ணயமே சொல்லுது. இங்க உனக்கு வர்றதோ ஜொகூர் ஆத்துத் தண்ணி, ஊர் மழைத்தண்ணி, சவ்வுல வடிகட்டுன கடல்தண்ணி. மெதுத்தண்ணிடா. சுண்ணாம்பு கொஞ்சம் இருக்கும், இல்லேங்கலை. ஆனா கண்ணாடியில இருக்கிறதுல பாதிக்கு மேல நீ தேச்சுக்கிற வாசனைச் சோப்பும் அந்தக் கொஞ்சச் சுண்ணாம்பும் கூடிப் பெத்த பிசுக்குன்னுதான் எனக்குத் தோணுது.

சந்தேகமா இருந்தா ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாரு. மெல்லப் பொரிஞ்சு கரைஞ்சா சுண்ணாம்பு. நகத்தால சொரண்டும்போது மெழுகு மாதிரி வந்தா பிசுக்கு. பிசுக்குக்கு ஆப்பசோடாவைக் கொழைச்சு ஈரத்துணியில தேச்சாப் போதும். சுண்ணாம்புக்குப் புளிப்பு. ஷவரைக் கழட்ட வேணாம். பிளாஸ்டிக் பையில பாதி வினிகர் பாதி தண்ணி ஊத்தி, ஷவரை அதுல முக்கி, ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டு. ஒரு மணி நேரத்துல அவுத்துப் பழைய பல் வெளக்குற பிரஷ்ஷால தேய். ராத்திரி பூரா ஊறப்போட்டியோ, பளபளன்னு இருக்கிற முலாமும் சேந்து போயிரும். கண்ணாடிக்குப் பிழிஞ்ச எலுமிச்சை மூடியே தாராளம். செவ்வாக்கெழமை அம்மனுக்கு வெளக்கு ஏத்துன மூடியில மட்டும் கை வைக்காத, அது வேற கணக்கு.

வினிகரையும் ஆப்பசோடாவையும் ஒண்ணாக் கலந்து நொரை பொங்குறதைக் கைத்தட்டிப் பாப்பியே, அந்த வாண வேடிக்கை வேணாம். ஒண்ணை ஒண்ணு தின்னு தீத்துட்டு, மிஞ்சுறது வெறும் உப்புத் தண்ணி. தனித்தனியாப் போட்டாத்தான் வேலை நடக்கும், உன் ஆத்தாளையும் பொண்டாட்டியையும் மாதிரி. குளோராக்ஸ் பிளீச்சோட மட்டும் வெளையாட்டுக்குக்கூட வினிகரைக் கலக்காத. வர்ற வாயு நெஞ்சைப் பிடிக்கும். இதைக் கிண்டலுக்குச் சொல்லலை.

தரை பளிங்கா இருந்தா புளிப்பை அங்க அண்ட விடாத. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லுதான். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு பாரபட்சம் பாக்கத் தெரியாத பய அந்த வினிகர், ரெண்டையும் தின்னுருவான்.

இனிமே படியாம இருக்கணுமா? குளிச்சு முடிச்சதும் பழைய துண்டால கண்ணாடியையும் கொழாயையும் ஒரு இழு இழுத்துட்டு வெளிய வா. நின்னு காயுற சொட்டுதான் கறையை விட்டுட்டுப் போகும், துடைச்ச சொட்டு எதை விடும்? அப்பறம் இந்த வெக்கையில வெந்நீர் எதுக்குடா? சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு வெளிய வந்து ஒட்டும். பொதுப் பயனீட்டுக் கழகம் அஞ்சு நிமிசத்துக்குள்ள குளிச்சு முடிங்கங்குது. நீ பாடுற ரெண்டாவது பாட்டு முடியவே பத்து ஆகுது. கன மீட்டர் 3.24 வெள்ளி ஆயிருச்சு தண்ணி, 2025 ஏப்ரல்லேருந்து. பாட்டைக் கட்டிலுக்கு மாத்து.

தே ஓ ஆறிப்போச்சு பாரு. இன்னொண்ணு சொல்லு, இந்தத் தடவை லிமாவ், அதான் எலுமிச்சை, பிழிஞ்சு போட்டு. பிழிஞ்ச மூடியை எறிய வேணாம்னு சொல்லிரு, நான் மடிச்சு எடுத்துக்கிறேன். உங்க அப்பத்தா ஷவர் அடைச்சு ஆறு மாசமாச்சு, வாளியும் குவளையுமாத்தான் குளிச்சுக்கிட்டு இருக்கோம்.