சப்ஜெக்ட்: எஸ்., ஆண், வயது 47

பதினொன்றாம் வகுப்பில் ஐந்தாவது பாடமாக சைக்காலஜி எடுத்த நாளிலிருந்து, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்?" காபி இன்னும் வரவில்லையே என்று நினைப்பது முகத்திலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்க சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் தேவையில்லை.

மனித மனத்தின் ஆழம் காணும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 30. ஆசிட் கொட்டாத, தவளை இல்லாத பிராக்டிகல். வகுப்பில் மொத்தம் ஆறு பேர். லேப் என்பது லைப்ரரிக்குப் பின்னால் இருந்த ஒரு பீரோ.

பாவ்லவின் நாயைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். "மணி அடிச்சா சோறு. ஜெயில்ல நடக்குறதுதானே? இதுக்கா நோபல் கொடுத்தான்?" என்றாள். 1904-ல் அவருக்கு நோபல் கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்கு என்றேன். "அதானே பாத்தேன். சோத்துக்குத்தான் கொடுத்திருக்கான்."

அம்மா பன்னிரண்டு சாமான் சொல்லி அனுப்பி, நான் ஒன்பதோடு திரும்பிய அன்று ஜார்ஜ் மில்லரைத் துணைக்கு அழைத்தேன். மனுஷ மூளை ஒரே நேரத்தில் ஏழு விஷயத்தைத்தான் பிடித்து வைக்கும், கூடக்குறைய இரண்டு என்று 1956-லேயே எழுதிவிட்டார். ஒன்பது என்பது உச்சவரம்பு, பாராட்ட வேண்டும் என்றேன். "அந்த மில்லரையே போய் வெந்தயம் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றாள் அம்மா.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் தற்காப்பு உத்திகள் வந்தன. மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆடும் நாடகங்களைப் பற்றி அப்பா ஃப்ராய்ட் சொல்லிவைத்ததை, மகள் அன்னா 1936-ல் தனிப் புத்தகமாகவே போட்டார். அதில் ஒன்று ரியாக்‌ஷன் ஃபார்மேஷன்: உள்ளே ஒருவர்மேல் எரிச்சல் இருந்தால் வெளியே அளவுக்கு மீறி அன்பைப் பொழிவது. படித்த அதே வாரம் அத்தை வந்தார்.

"வாங்கண்ணி, ஒரு வாரமாவது இருந்துட்டுத்தான் போகணும்" என்றாள் அம்மா. சேமியா பாயசம் வைத்தாள். அது போதாதென்று பருப்புப் பாயசமும் வைத்தாள். சமையலறையில் மிக்ஸி மட்டும் நெடுநேரம் ஓடியது. எட்டிப் பார்த்தேன், ஜாரில் ஒன்றுமே இல்லை. அம்மா அந்தச் சத்தத்துக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கூடத்துக்கு ஓடிவந்து, அத்தையை வைத்துக்கொண்டே, உதாரணத்தோடு விளக்கினேன். இரண்டாவது பாயசம் எனக்கு வரவில்லை.

கல்கத்தாவில் 1922-ல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், வியன்னாவில் இருந்த ஃப்ராய்டோடு கடைசிவரை நேரில் சந்திக்காமலே, கடிதத்திலேயே வாதாடினார். நம் ஊர் நோயாளிகள் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை என்பது அவர் கட்சி. கடிதத்தோடு நிறுத்திக்கொண்டதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நான் கூடத்தில் நின்று பேசினேன்.

அடுத்தது பிராக்டிகல். பரிசோதனைக்கு உட்காருகிறவருக்கும் சப்ஜெக்ட் என்றுதான் பெயர். ஆக, சைக்காலஜி என் சப்ஜெக்ட், பதற்றத்தை அளக்கும் டெஸ்டுக்கு அப்பா என் சப்ஜெக்ட். முதலில் சப்ஜெக்டிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசி இணக்கம் உண்டாக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "அப்பா, வசதியா உக்காந்திருக்கீங்களா?" என்றேன்.

"எவ்வளவு வேணும்?" என்றார்.

விஷயத்தைச் சொல்லி உட்காரவைத்து, இதில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது, தோன்றியதைச் சொல்லுங்கள் என்றேன். சின்ன விஷயத்துக்கும் படபடப்பு வருமா? "இல்லை" என்றார். "ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன்ல உக்கார வெச்சது யாராம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரவில் தூக்கம் கெடுமா? "இல்லை." "கேட் பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்குறது பூனையா?" கடைசியில் அப்பா சொன்னதைப் பேனாவிலும் அம்மா சொன்னதைப் பென்சிலிலும் குறித்தேன். பேனா கணக்கில் அப்பா புத்தர். பென்சில் கணக்கை இங்கே எழுத முடியாது.

ரெக்கார்டில் சப்ஜெக்டின் பெயரைப் போடக்கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்பது விதி. 'எஸ்., ஆண், வயது 47' என்று மட்டும் எழுதி, பேனா கணக்கைச் சேர்த்து, பைண்டு பண்ணக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அத்தையிடமிருந்து போன். "தம்பிக்கு ஏதோ டெஸ்ட் எடுத்தீங்களாமே, உங்கம்மா சொன்னா. ரிசல்ட் வந்துருச்சா? சுகர் எவ்வளவு?"

ரிசீவரைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். பேப்பரைத் தழைக்காமலே சொன்னார்: "நார்மல்னு சொல்லு."