இடம் இருக்கு, ஏறுங்க!

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வீட்டில் ஏழு பேர் இருக்க, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தியவர். 1990களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்றொரு இரண்டு இருக்கை வண்டி, ஃபைபர் உடம்போடு நம் நாட்டிலேயே தயாரானது. அதைத் தேடிப் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. வெளிநாட்டு வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும் உண்டு. நான் சொல்லப்போகும் விழுப்புரத்து ஆசாமி எந்த ரகம் என்பது நமக்கு வேண்டாம். தன் வண்டி சின்னது என்று எந்த ரகமும் ஒப்புக்கொண்டதில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் என்றால் போதும், விழுப்புரத்திலிருந்து கிளம்பும் கூட்டத்தில் யார் நெட்டை என்றுதான் இவர் கண் தேடும். குள்ளமானவர் ஏறி உட்கார்ந்தால் அதில் வண்டிக்கு என்ன பெருமை? ஆறடி மூன்று அங்குல மாமாவை ஏற்றிக் காட்ட வேண்டும்.

"வாங்க மாமா, இடம் இருக்கு."

"பரவால்லப்பா, நான் பஸ்லயே வந்துடறேன்."

"பஸ்ஸா? நான் இருக்கும்போதா?"

இதற்கு மேல் மறுத்தால் உறவு கெடும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்பாசடரில் ஏறுவதுபோல் வலது காலை முதலில் உள்ளே வைப்பார். தோல்வி அங்கேயே தொடங்கிவிடும். வலது முழங்கால் டாஷ்போர்டில் முட்டி நிற்கும். இடது கால் ரோட்டில். தலை இன்னும் வெளியே, வானத்தைப் பார்த்தபடி. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வருவார்கள்.

"சீட்டைப் பின்னாடி தள்ளுப்பா!"

தள்ளியாகிவிட்டது. அதற்குப் பின்னால் தடுப்புச் சுவர்தான். சாய்க்கவும் வழியில்லை. செருப்பைக் கழற்றினால் ஓர் அங்குலம் மிச்சம்; பின்பாக்கெட் பர்ஸை எடுத்தால் இன்னொரு அரை அங்குலம் என்று ஒருவர் சொல்வார். மாமா கட்டியிருப்பது வேட்டி என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

வண்டிக்காரர் சொல்லும் யோசனை மட்டும் உண்மையிலேயே சரியானது. முதலில் ரோட்டுக்கு முதுகைக் காட்டாமல், சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிறகு தலையைக் குனிந்து உள்ளே இழுக்க வேண்டும். அதன் பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பிரசவம் பார்க்கும் பாட்டியின் கண்டிப்பு இருக்கும்.

நெட்டையர்களில் இரண்டு வகை உண்டு: காலால் நெட்டை, முதுகால் நெட்டை. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் கிட்டத்தட்ட தரையோடு தரையாகத்தான் உட்கார வேண்டும். காலை நேராக முன்னால் நீட்டிவிடலாம். எனவே காலால் நெட்டையானவர் எப்படியோ சமாளிப்பார். முதுகால் நெட்டையானவருக்குத்தான் விமோசனம் இல்லை. மாமா இரண்டாம் வகை. கதவைச் சாத்தியதும் அவர் தலை துணிக்கூரையில் ஒரு மேட்டை எழுப்பிவிடும்.

அதைப் பார்த்ததும் வண்டிக்காரர் குஷியாகிவிடுவார். கார் சரித்திரம் அவருக்கு அத்துப்படி. "மாமா, அமெரிக்காவில டான் கர்னின்னு ஒரு ரேஸ்காரர். உங்களை மாதிரியே ஆறடிக்கு மேல. ஃபோர்டு ஜிடி40ன்னு வண்டி. மொத்த உயரமே 40 அங்குலம், அதனாலதான் அந்தப் பேர். அந்தப் பரம்பரையில வந்த வண்டியில இவர் ஹெல்மெட்டோட உட்கார்ந்தா தலை இடிக்குது. கூரையில அவர் தலைக்குன்னே ஒரு புடைப்பு வச்சுக் கொடுத்தாங்க. 1967ல லெ மான்ஸ் ரேஸ்ல ஏ.ஜே. ஃபாய்ட்டோட சேர்ந்து ஜெயிச்சிட்டார்!"

"அப்ப நம்ம கூரையையும் கொஞ்சம் வெட்டிடலாமா தம்பி?"

பேச்சு உடனே பக்திக்குத் திரும்பும். மேற்கே திருக்கோவிலூர் இருக்கிறதே! மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கிய இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்கினார். அதுவும் யார்? உலகளந்த பெருமாள்! "அவருக்கே அங்க இடம் இருந்துச்சு மாமா, உங்களுக்கு இங்க இல்லையா?" என்பார். மாமாவால் பதில் சொல்ல முடியாது. அவர் மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும். அவருக்காக நான் சொல்கிறேன்: ஆழ்வார்களுக்கு நடுவே கியர் ராடு இல்லை.

கடைசியில் துணிக்கூரையை மடக்கிவிடுவதுதான் முடிவு. தலைக்கு விடுதலை. ஆனால் அந்தத் தலை இப்போது முன்கண்ணாடியின் விளிம்புக்கு மேலே நிற்கும். கண்ணாடிக்கு உள்ளே வண்டிக்காரர் சொகுசாகப் பாட்டுக் கேட்க, அதற்கு மேலே மாமா தனியாகக் காற்றை எதிர்த்துக்கொண்டு வருவார். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர் முன்னால் போனால் கரும்புச் சோகை முகத்தில் விழும். விக்கிரவாண்டிக்கு வரும்போது அந்தி சாய்ந்திருந்தால் வயல் பூச்சிகள். வாயைத் திறந்து "மெதுவாப் போப்பா" என்று சொல்லவும் முடியாது. சொன்னால் பூச்சி உள்ளே போய்விடும். அந்த மௌனத்தை வண்டிக்காரர் திருப்தி என்று எடுத்துக்கொள்வார்.

சுங்கச்சாவடியில்தான் மாமாவுக்கு ஒரு வேலை வரும். இவ்வளவு தாழ்வான வண்டியில் உட்கார்ந்தவருக்கு லாரியின் சக்கரமும் சேஸும்தான் தெரியும். எந்த வரிசை நகர்கிறது என்பது தெரியாது. "எது காலியா இருக்கு மாமா?" என்று கீழேயிருந்து கேள்வி வரும். மாமா எட்டிப் பார்த்துச் சொல்வார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது இருவரும் ஒரு மாதிரி ஒத்துப்போயிருப்பார்கள்.

திண்டிவனத்தில் மண்டபம். ஏறுவதற்கு மூன்று கட்டம் என்றால் இறங்குவதற்குக் கணக்கே இல்லை. கால்கள் மரத்துப்போயிருக்கும். முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றி, பிறகு பெண் வீட்டார் இருவர் தோளைக் கொடுக்க, மாமா மெல்ல நிமிர்வார். சந்தனக் கிண்ணத்தோடு வரவேற்க நின்ற பெண்மணி, முழங்காலிட்ட விருந்தாளிக்கு எங்கே பன்னீர் தெளிப்பது என்று திகைப்பார். வண்டிக்காரர் மட்டும் சாவியைச் சுழற்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்: "சொன்னேன்ல? தாராளமா இடம் இருக்கு!"

நெட்டையர்களுக்கு ஒரு வார்த்தை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் பஸ் எந்நேரமும் கிடைக்கும். படிக்கட்டை ஒட்டிய சீட்டைப் பிடியுங்கள். அங்கே காலை நீட்டலாம். யாராவது வந்து "இடம் இருக்கு" என்று சாவியை ஆட்டினால், கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.