பாட்டி கொடுத்த சர்டிபிகேட்

பாட்டியை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டுப் பராமரிப்பு வேலைக்கான பயோடேட்டாவில் அதை 'அனுபவம்' என்று போடலாமா? (வாசகி, சூரியநெல்லி)

தாராளமாக. ஆனால் 'பார்த்துக்கொண்டேன்' என்று எழுதாதீர்கள், டிவியைக்கூடத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தது, சர்க்கரை அளவு பார்த்துக் குறித்துவைத்தது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியது, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை... இதையெல்லாம் எழுதுங்கள். முறையான பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அதை மேலே போடுங்கள், பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

'கடின உழைப்பாளி' என்று சேர்க்கலாமா?

கொழுக்குமலை ஏறும் ஜீப்பும் கடின உழைப்பாளிதான். அதற்கு யாரும் விசா கொடுக்கவில்லையே!

ஜப்பானுக்கு?

அங்கே பயோடேட்டாவைவிட வாய் முக்கியம். மொழித் தேர்வும் பராமரிப்புத் தேர்வும் எழுத வேண்டும்.

லண்டனில் பராமரிப்பாளர் விசா, இரண்டு லட்சம் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

சாத்திய கதவுக்குச் சாவி விற்கிறார்! 2025 ஜூலை 22 முதல் பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது. எந்த நாடானாலும், இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.

பயோடேட்டாவே இல்லாமல் ஊரைத் தாண்டியவர் நம் பக்கம் உண்டா?

காட்டு யானை அரிக்கொம்பன். 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பெரியாறு, ஜூனில் முண்டந்துறை. முன் அனுபவம்: ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றது.