விலைக்கு வாங்கிய மந்தம்

சாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக எங்கள் பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். 80களின் நடுவில் மேற்கு ஜெர்மனியில் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது அங்கே எனக்குப் புதிதாக ஒரு சாதி காத்திருந்தது. கொமடோர் 64 வைத்திருந்த பையன்களில் டிஸ்க்காரர் மேலே, கசெட்காரர் கீழே. கணினியே இல்லாதவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாங்கள் கசெட். டேட்டாசெட் என்ற ஒலிநாடாப் பெட்டி நொடிக்கு ஏறக்குறைய 50 பைட் என்ற கணக்கில் புரோகிராமை உள்ளே தள்ளும். விளையாட்டை ஏறவிட்டுச் சாப்பிடப் போகலாம். சாப்பிட்டுக் கை கழுவி, அம்மா சொன்ன வேலையையும் செய்துவிட்டு வந்தாலும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மாமா 1979இல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தவர். இத்தாலிய உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி பீட்சா அடுப்புவரை உயர்ந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தையிலிருந்து 1541 என்ற ஃப்ளொப்பி ட்ரைவை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அது கணினியைவிடப் பாரம். விலையும் அப்படித்தான், அதே சந்தையில் கணினிக்குக் கொடுத்ததைவிட அதற்குக் கூடக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

கம்பியின் இரு முனையும் வட்டம், ஆறு ஊசி. ட்ரைவின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள்.

"எதுக்குள்ளை குத்துறது?"

"எதுக்குள்ளையும் குத்தலாம் மாமா. மற்றது இன்னொரு ட்ரைவுக்கோ பிரிண்டருக்கோ."

"ரெண்டும் ஒண்டெண்டால் ஏன்ரா ரெண்டு ஓட்டை வைச்சவன்? ஜெர்மன்காரன் சும்மா ஒண்டும் செய்யமாட்டான்."

கொமடோர் ஜெர்மன் கம்பனி இல்லை, அமெரிக்கக் கம்பனி. அதைத் தொடங்கிய ஜாக் ட்ரமியல் போலந்தில் பிறந்த யூதர். அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டு, கடைசியில் ஹனோவருக்கு அருகே ஒரு முகாமில் விடுதலையாகி, அமெரிக்கா போய் டைப்ரைட்டர் திருத்திப் பிழைப்பைத் தொடங்கியவர். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். கோப்பை கழுவி வந்த மனிதருக்கு அந்தக் கதை பிடித்திருக்கும்.

தெரிந்த ஒன்றைச் சொன்னேன். மின்சாரம் ஓடும்போது இந்தக் கம்பியைச் செருகினாலோ கழற்றினாலோ கணினிக்குள் ஒரு சில்லு எரிந்துபோகக்கூடும். மாமா கணினியை நிறுத்தினார், ட்ரைவை நிறுத்தினார், அதுவும் போதாதென்று வீட்டு ஃப்யூஸையும் இறக்கினார். குசினியில் அரைவேக்காட்டில் நின்ற சோற்றின் சார்பில் அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது இடப் பிரச்சினை. ட்ரைவை டிவிக்கு ஒட்டி வைத்தால் டிஸ்க்கை வாசிப்பதில் பிழை வரலாம். அதனால் டிவி மேசையில், ட்ரைவ் மாமாவின் கதிரையில். மாமா நின்றார்.

லோட், மேற்கோளுக்குள் ஒரு நட்சத்திரம், கமா, 8, கமா, 1 என்று தட்டினேன். எட்டு என்பது ட்ரைவின் எண். அதை நிரந்தரமாக ஒன்பதாக மாற்றுவதென்றால் மூடியைக் கழற்றி, சர்க்யூட் போர்டில் ஓர் இணைப்பைக் கத்தியால் வெட்ட வேண்டும். வர்த்தமானியில் போட்டுச் சொந்தப் பெயரை மாற்றுவது அதைவிட லேசு.

சிவப்பு விளக்கு எரிந்தது. காத்திருந்தோம். மாமா முதலில் விளக்கைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நொடிக்கு 400 பைட் அளவு. கசெட்டோடு ஒப்பிட்டால் பாய்ச்சல். கொடுத்த காசோடு ஒப்பிட்டால் ஊர்வலம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெட்டி வெறும் மோட்டரும் தலையும் அல்ல, அதுவே ஒரு முழுக் கணினி. கொமடோர் 64இன் செயலிக்கு உடன்பிறப்பான 6502 செயலி, 2 கிலோபைட் நினைவகம், 16 கிலோபைட் ரோம் எல்லாம் உள்ளே இருந்தன. இரண்டு கெட்டிக்காரக் கணினிகள் ஒரு கம்பியில் பேசின, அதுவும் ஒவ்வொரு பிட்டாக. முந்திய மாடலான விக்-20இல் இருந்த 6522 சில்லின் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் ஒரு கோளாறு. சில்லு தானாகச் செய்ய வேண்டிய வேலையை மென்பொருள் பிட் பிட்டாக எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தது. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று கொமடோர் 64 அந்த மந்தத்தையும் சுவீகாரம் எடுத்தது. போதாததற்கு, திரையை வரையும் சில்லு இடையிடையே செயலியை நிறுத்திவைக்கும் என்பதால் வேகத்தை இன்னும் குறைத்தார்கள்.

அதற்குள் கசெட்காரர் டர்போ டேப் என்ற குட்டிப் புரோகிராமைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை ஏற்றினால் ஒலிநாடாவிலிருந்து விளையாட்டு பத்து மடங்கு வேகத்தில் ஏறி, ட்ரைவோடு சரிக்குச் சரி நிற்கும். நான் மேல்சாதிக்கு ஏறிய வேளை பார்த்துச் சாதி ஒழிந்தது. மாமாவிடம் இதையும் சொல்லவில்லை. '64'er' இதழில் வந்த ஹைப்ரா-லோட் என்ற ட்ரைவ் வேக ஏற்றியை எண் எண்ணாகத் தட்டி ஏற்றியபோதுதான் மானம் திரும்பியது.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. தலை எந்தத் தடத்தில் நிற்கிறது என்று காட்டும் உணரி 1541இல் கிடையாது. சந்தேகம் வந்தால் தலையை ஓரத்துக்குத் தள்ளி, தடுப்பில் திரும்பத் திரும்ப மோதவிட்டு இடத்தைத் தெரிந்துகொள்ளும். டடடடட். கீழ் வீட்டு அம்மா தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பார். மாமா ட்ரைவுக்கு அடியில் துவாயை மடித்து வைத்தார். அது சூட்டையும் தேக்கியது.

இப்போதும் என் மேசையில் அதே மாடல் கணினி, பின்பக்கம் அதே ஆறு ஊசி ஓட்டை. கம்பியின் மறுமுனையில் மட்டும் உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை. அதில் ஓடுவது பை1541 என்ற இலவச மென்பொருள். 1.2 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்று, 1 மெகாஹெர்ட்ஸ் ட்ரைவாக, துடிப்புக்குத் துடிப்பு பிசகாமல் நடிக்கிறது. 32 கிகாபைட் அட்டையில் ஒன்றரை லட்சம் டிஸ்க்குக்கு மேல் கொள்ளும். அன்று ஒரு டிஸ்க்கின் மறுபக்கத்துக்கும் எழுத வேண்டுமென்று அதற்கென விற்ற துளைக் கருவியால் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

சாதியும் திரும்பி வந்துவிட்டது. அசல் ட்ரைவ் வைத்திருப்பவர் உச்சியில். கோப்புகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும் எஸ்டி2ஐஇசி அட்டைக்காரர் அடியில், ஏனென்றால் ட்ரைவின் மூளையையே பயன்படுத்தும் வேக ஏற்றிகள் பல அதில் ஓடாது. என்னைப் போன்றவர் நடுவில். எங்கள் பெருமையெல்லாம், பழைய மந்தம் எங்களிடம் ஒரு மைக்ரோநொடி குறையாமல் இருக்கிறது என்பதுதான்.

போன மாதம் மாமா வந்தார். எழுபதைத் தாண்டியும் கண் கூர். விளையாட்டு ஒன்றைப் போட்டேன். டிக் டிக் என்று சத்தம்.

"உதுக்குள்ளை சுத்துற சாமான் ஒண்டுமில்லை எண்டாய். பிறகேன் சத்தம்?"

பை1541இல் தலை நகரும் சத்தத்துக்கென்றே ஒரு பஸர் பூட்டலாம், அதைத் தனியாக வாங்கிப் பூட்டினேன் என்றேன்.

"காசு குடுத்தோ வாங்கினனீ?"

"சின்னக் காசுதான்."

"கீழ் வீட்டிலை ஆர் இருக்கினம்?"

இந்த முறையும் மணிக்கூட்டைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பொறுமை போய்விட்டது. அதனால் ஜிஃபிடொஸ் வாங்கியிருக்கிறேன். 80களில் வந்த வேக ரோம், இன்றும் காசுக்கு விற்கிறார்கள். ஆக, ஆயிரம் மடங்கு வேகமான செயலியை மந்தமாக்கி, அந்த மந்தத்தை விரட்ட இன்னொரு முறை பணம் கட்டியாயிற்று. பை பக்கத்தில் ஒரு கோப்பு மாற்றினால் போதும். கணினிக்குள் மட்டும் ஒரு சில்லைக் கழற்ற வேண்டும். மாமா வந்து பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்றுத் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, இந்த வீட்டில் ஃப்யூஸ் பெட்டி எங்கே என்பது.