மெலிந்த பூனையின் தட்டு

நாகர்கோவிலில் ஆச்சி வீட்டுப் பூனைக்குத் தனிச் சாப்பாடு கிடையாது. மீன்காரி கூடையை இறக்கினால் சாளைத் தலையும் குடலும் அதற்கு. மீன் இல்லாத நாளில் குழம்பு பிசைந்த சோறு, ராத்திரி சிரட்டையில் கொஞ்சம் பால். மிச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும்: எலி, பல்லி, ஓணான். அதன் வயதை யாரும் கணக்கு வைக்கவில்லை. மெலிந்தால், "வயசாயிட்டுல்லா" என்பார் ஆச்சி. பிறகு ஒருநாள் காணாமல் போகும்.

இன்று சென்னையில் மூன்றாம் மாடியில் என்னோடு இருக்கும் பூனை கருப்பிக்கு வயது 14. ஜன்னலுக்கெல்லாம் வலை, எலிக்கு வழியில்லை. ஆச்சி வீட்டுப் பூனை தன் உணவைப் பெரும்பாலும் தானே தேர்ந்தெடுத்தது. கதவைப் பூட்டி வளர்க்கும்போது அந்தப் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது.

அந்தக் கால உணவில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பூனை மாமிசம் தின்றே வாழும் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவு தயாரிக்காது. எலியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்கும். அது குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்து வீங்கும் என்பது 1987-இல் கலிபோர்னிய ஆய்வில் தெரியவந்தது. தயிர்சோறு மட்டும் போட்டுப் பூனை வளர்ப்பது அதனால்தான் தவறு. பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கருப்பி மெலியத் தொடங்கியபோது டாக்டர் உடனே தீவனத்தை மாற்றச் சொல்லவில்லை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார். நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம். ஓயாமல் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். தட்டருகே வந்துவிட்டுத் தின்னாமல் திரும்பினால் பல்வலியாக இருக்கலாம். கருப்பிக்குச் சிறுநீரகக் கோளாறு. அதனால் பாஸ்பரஸ் குறைந்த உணவு. ஆனால் சிறுநீரகம் நன்றாயிருக்கும் கிழப் பூனைக்குப் புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். 12 வயதுக்கு மேல் பல பூனைகளுக்குச் செரிமானம் குறைவதால், நல்ல புரதம் கூடுதலாகவே வேண்டும்.

வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்ததால் பூனைக்குத் தாகம் குறைவு. இரையிலிருந்தே நீரைப் பெற்றுப் பழகிய உடம்பு. உலர் தீவனத்தில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான். டின் உணவில் 75 சதவீதத்துக்கும் மேல். கருப்பிக்கு டின் உணவையே வெந்நீர் கலந்து இளஞ்சூடாக வைக்கிறேன். வயதானால் மோப்பம் மங்கும். சூட்டில் எழும் வாசனை அவளைத் தட்டுக்கு இழுக்கும். புது உணவைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் பழக்கினோம். 'பசித்தால் தானே தின்னும்' என்று பட்டினி போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

வயதான பூனைக்கென்று பாக்கெட்டுகள் கடையில் நிறைய இருக்கின்றன. தீவன அளவுகோல்களை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, முதிய பூனைக்கெனத் தனி அளவுகோல் எதையும் வகுக்கவில்லை. ஆகவே அட்டையை நம்பி வாங்காதீர்கள். உங்கள் பூனைக்கு 10 வயது தாண்டிவிட்டால் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தமும் சிறுநீரும் பரிசோதியுங்கள். அதற்குப் பிறகு தீவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.