சேறு படாமல் தாக்கம் அளப்பது எப்படி?

மருமகன் கோலாலம்பூரிலிருந்து பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். ஆப்பிரிக்காவில் ஒரு முதுகலைக் கணிதத் திட்டமாம். அதன் தாக்கத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை இவனுக்குக் கிடைக்கும்போல இருக்கிறதாம். “மாமா, முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கீங்க. எப்படிச் செய்யிறதுன்னு சொல்லுங்க.” சொன்னேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் திட்டத்தைத் தெரிந்துகொள், ஆனால் அளவாக. கேப்டவுனுக்குப் பக்கத்தில் மூய்சன்பெர்க் கடற்கரை. அங்கே ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தில், பிரபஞ்சவியல் அறிஞர் நீல் டூரோக் 2003இல் ஆப்பிரிக்கக் கணித அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். கண்டம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். செலவைக் கழகம் பார்த்துக்கொள்கிறது. உலகெங்கிலுமிருந்து பேராசிரியர்கள் வந்து மூன்று வாரம் தங்கிப் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்கள். பிறகு செனகல், கானா, கேமரூன், தன்சானியா, ருவாண்டா என்று மையங்கள் பெருகின. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சந்தேகம் பேசலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அதை அறிக்கையில் எழுதிவிடாதே. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அடுத்த ஐன்ஸ்டைன் ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டும் என்பது 2008இல் டெட் பரிசு வாங்கியபோது டூரோக் வெளியிட்ட ஆசை. பணம் கொடுத்தவர்கள் ஒருநாள் கேட்பார்கள்: எத்தனை ஐன்ஸ்டைன் வந்தது? இங்கேதான் கவனம் தேவை. மலேசியாவில் பட்டம் வாங்குகிறவர்கள் பட்டமளிப்பு விழாவுக்கு முன் நிரப்பும் பட்டதாரித் தடமறி படிவம் உனக்குத் தெரியும், நீயும் நிரப்பியவன்தான். அதை 1905இல் அசல் ஐன்ஸ்டைனிடம் நீட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? “பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் வேலை. படித்த படிப்பை நேராகப் பயன்படுத்தவில்லை.” சிவப்பு மை.

நம்முடைய ராமானுஜன் இன்னும் மோசம். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோல்வி, ‘இடைநிற்றல்’ கட்டம். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்க் குமாஸ்தா, ‘தகுதிக்குக் குறைந்த வேலை’ கட்டம். மறுவருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. சும்மாவா கொடுத்தது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுத வைத்தது. ஆக, கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பது நம்மிடமே நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம், கூச்சப்படாதே. மனுஷர் 1920இல் கண்ணை மூடும் தறுவாயில் எழுதிய போலித் தீட்டாச் சார்புகளின் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்திலிருந்து வெளியே வந்தது 1976இல். உன் திட்டக் காலம் மூன்று வருஷம். ஐம்பத்தாறு வருஷத்துக்கு நீட்டிப்புக் கேட்டுப் பார்க்காதே, வேலை போய்விடும்.

அதனால் எண்ணக்கூடியதை எண்ணு. தலையை எண்ணு. பட்டதாரி மேல்படிப்புக்குப் பாரிஸ் போனால் ‘உலகத் தரம்’ என்று எழுது. தாருஸ்ஸலாமிலேயே தங்கிப் பள்ளியில் பாடம் நடத்தினால் ‘நாட்டுக்குச் சேவை’. வேலையே கிடைக்கவில்லையா? ‘தொழில்முனைவோர்’. தோற்க இடம் வைக்காத பட்டியல்தான் நல்ல பட்டியல். கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பு. நல்ல வேலையில், நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அன்றைக்கே பதில் போடுவான். வாடகை கொடுக்க முடியாமல் அலைபவன் போடமாட்டான். வந்த பதிலுக்குள் சராசரி எடு. அது எப்போதும் அழகாக வரும்.

அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. இதற்கு ஆப்பிரிக்கா போகவேண்டாம், நம் இரண்டாம் படிவப் பிள்ளைகள் போதும். டிம்ஸ் என்ற உலகத் தேர்வில் கணக்குக்கு மலேசியா 1999இல் எடுத்தது 519. 2011இல் 440. 2015இல் 465. 2023இல் 411. ஏறுமுகம் வேண்டுமென்றால் 2011இல் ஆரம்பித்து 2015இல் பேனாவை மூடு. நான்கே வருஷத்தில் 25 புள்ளி! இறங்குமுகம் வேண்டும், எதிர்க்கட்சிக்காரர் காசு கொடுக்கிறார் என்றால் 1999இல் ஆரம்பி. இரண்டிலும் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை, பார்த்தாயா?

பயிற்சி முடிந்த கையோடு படிவம் நீட்டுவது இன்னொரு நல்ல முறை. கிர்க்பேட்ரிக் என்பவர் 1959இலேயே நான்கு படி சொல்லி வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு உண்டா. முதல் படியிலேயே நின்றுகொள். மேலே ஏறினால் மூச்சு வாங்கும். நானும் ஒரு காலத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். இடம் எதற்கு, விடு. மதிப்பீட்டுப் படிவத்தைப் பகல் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் கொடுத்தார்கள். ‘மிகவும் திருப்தி’ என்று எல்லாக் கட்டத்திலும் போட்டுவிட்டு ஓடினேன். பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. அன்று என்னிடம் உண்டான தாக்கம் அதுதான்.

இப்போது நீ எந்தக் காரணத்தைக் கொண்டும் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டிலிருந்து பெர்த்தாம் பக்கம் போனால் மார்டி என்ற மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2001இல் எம்.ஆர். 219 என்ற ரகத்தை வெளியிட்டு நாடு முழுவதும் பரப்பியது மார்டிதான். அந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புது நெல் நன்றாக விளைந்தது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பமாட்டார்கள். பக்கத்திலேயே பழைய நெல்லைப் போட்டுப் பார்த்தாயா என்பார்கள். எந்தப் பாத்தியில் எது என்பதைக்கூட ஆள் பார்த்து முடிவு செய்யக்கூடாது, குலுக்கல் போடவேண்டும். இல்லாவிட்டால் நல்ல மண்ணுள்ள பாத்திக்குப் புது நெல் போய்விடும். 1919இல் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் சேர்ந்த பிஷர் என்ற புள்ளியியல்காரர் வயலில் நின்று உண்டாக்கிய வம்பு இது.

உன் திட்டத்துக்கு இதைப் பொருத்தினால் என்ன ஆகும்? கண்டத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். நல்ல மண். அவர்கள் எங்கே போயிருந்தாலும் விளைந்திருப்பார்கள் என்று ஒருவன் கேட்டால் உன்னிடம் பதில் இல்லை. பதில் வேண்டுமென்றால், விண்ணப்பம் போட்டு மயிரிழையில் இடம் தவறியவர்களைத் தேட வேண்டும். பட்டியலில் கடைசியாக உள்ளே வந்தவனுக்கும், அவனுக்கு அடுத்து வெளியே நின்றவனுக்கும் பத்து வருஷம் கழித்து என்ன வித்தியாசம் என்று பார்க்கவேண்டும். வெளியே நின்றவனுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை, முகவரிகூட இருக்காது. ஊர் ஊராகப் போய்க் கேட்கவேண்டும். அப்புறம், திரும்பிப் போய்ப் பாடம் நடத்துகிறவனின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். இதற்கெல்லாம் நாள்படி கட்டாது. விடை என்ன வரும் என்றும் முன்கூட்டியே தெரியாது. விடை தெரியாத கணக்கை எந்த ஆலோசகராவது கையெழுத்துப் போட்டு எடுப்பாரா?

மருமகன் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். கிளம்பும்போது பெர்த்தாம் சாலையோரம் காரை நிறுத்தச் சொன்னான். அறிக்கையின் அட்டைக்குப் பச்சையாக ஒரு படம் வேண்டுமாம். ஆப்பிரிக்கா அறிக்கைக்குக் கெப்பாலா பத்தாஸ் வயலா என்றேன். வானம் கொஞ்சம்தான் தெரியும், யாருக்கும் தெரியாது மாமா என்றான். நாலைந்து படம் எடுத்தவன் திடீரென்று கேட்டான்.

“மாமா, இதுல எது புது நெல், எது பழசு?”

“ரோட்டுல நின்னா எல்லாம் பச்சைதான். வரப்புல இறங்கிப் போய்க் கேட்டுப் பாரு.”

அவன் குனிந்து தன் காலணியைப் பார்த்தான். வெள்ளைக் காலணி, புதுசு.