சீதனம் வாங்குற காபன்

ரியூசன் முடிஞ்சு வாறாய் போல, மோனை. முகத்தில நல்ல புழுகம். புரொப்பைனுக்கு ஐதரசன் புரோமைட்டு போட்டால் என்ன வரும் எண்டு வாத்தியார் கேட்க, 2-புரோமோபுரொப்பீன் எண்டு நீதான் முதல் கத்தினியாம். கெட்டிக்காரன்! அவர் எவ்வளவு போட்டவர் எண்டு கேட்டனியோ?

நான் ஏ.எல். படிக்கேல்லைத்தான். ஆனால் காபைட்டுக்குத் தண்ணி விட்டு லாம்பு எரிச்ச காலத்து ஆள். அதில வாறது உன்ர எதைன்தான். லாம்பில வாற நாத்தம் எதைனின்ர இல்லை, காபைட்டில அழுக்காக் கிடக்கிறதால வாற பொசுபீனின்ர. கறுத்தக்கொழும்பான் மாங்காயைக் காபைட் வைச்சுப் பழுக்க வைக்கிற யாவாரிக்கும் இந்த நாத்தம் தெரியும், வாயைத்தான் திறவான்.

புரொப்பைன், எதைன் மாதிரி அற்கைனில உடையிறதுக்கு ரண்டு பை பிணைப்பு கிடக்கு. புரொப்பைனுக்கு ஒரு மூல் ஐதரசன் புரோமைட்டு போட்டால் நீ சொன்னது சரி. ரண்டு மூல் எண்டால் 2,2-இருபுரோமோபுரொப்பேன். ரண்டு புரோமினும் ஏன் ஒரே காபனில? ஐதரசன் கூட உள்ள காபனுக்கே வாற ஐதரசனும் போகுமெண்டு 1870இல மாக்கோனிக்கோவ் எண்ட ரஷ்யன் எழுதிவைச்சான். எங்கட ஊர்ச் சீதனம் மாதிரி, உள்ளவனுக்கே மேல மேல ஏறும். சீதனத்துக்கு நியாயம் கேட்டால் மறுமொழி இல்லை, இதுக்கு இருக்கு: நேரேற்றம் நடுக் காபனில நிண்டால் பக்கத்து மெதைல் தாங்கிப்பிடிக்கும். பேரொட்சைட்டு எண்டொரு சொல்லைக் கேள்வியில ஒளிச்சு வைச்சிருந்தால் எல்லாம் தலைகீழ். அதுவும் ஐதரசன் புரோமைட்டுக்கு மட்டும். ஐதரசன் குளோரைட்டுக்கும் திருப்பி எழுதிப்போட்டு வந்து நிக்காதை.

தண்ணி சேர்க்கிற கேள்விதான் பொல்லாதது. ஐதான சல்பூரிக் அமிலமும் இரச சல்பேற்றும் போட்டால் முதல் வாறது ஈனோல். அதைக் கண்டவுடன அற்ககோல் எண்டு கோடு கீறிவிடுவாய். அது நிண்டு பிடிக்காது, ஐதரசன் இடம் மாறிப் புரொப்பனோன் ஆகிவிடும். எதைனுக்கு மட்டும் அசற்றல்டிகைட்டு. ஜப்பானில மினமாட்டாவில சிசோ கொம்பனி செய்ததும் இதே தாக்கம்தான். கழிவோட போன இரசம் கடல் மீனில ஏறி, மீன் திண்ட சனத்தின்ர நரம்பைத் திண்டது. 1956இலதான் அந்த வருத்தம் வெளியில வந்தது. நீ ஊக்கி எண்டு அம்புக்குறிக்கு மேல சின்னதா எழுதிற சாமான் அது.

ஐதரசனேற்றத்தில நிக்கலைக் கண்டால் அற்கேன் மட்டும் போ. லிண்ட்லார் ஊக்கியைக் கண்டால் அற்கீனில நில், பியூட்-2-ஐன் எண்டால் சிஸ் எண்டு எழுத மறவாதை. கேள்வியைக் கடைசிச் சொல்லு மட்டும் வாசியாமல் புள்ளி போனால் வாத்தியாரில பிழை சொல்லிக்கொண்டு என்னட்டை வராதை.